துளிக் கணக்கும் தூய உப்பும்

கடல்நீர்த் தொட்டியில் கல் பவளம் வளர்ப்பவர்களிடம் தீராத புகார் ஒன்று உண்டு. ஒரே தொட்டியில் ஒரே நேரத்தில் மொண்ட தண்ணீரின் காரத்தன்மையை ஒரு சோதனைப் பெட்டி 7.5 டிகிரி என்கிறது, இன்னொன்று 9 என்கிறது. குறைந்த காரத்தன்மையை ஈடுகட்டும் அன்றைய கரைசலை எதை நம்பி ஊற்றுவது? பெரும்பாலோர் கண்ட வழி, இரண்டையும் தள்ளிவிட்டு விலை கூடிய மூன்றாவது ஒன்றை வாங்குவது. அது மூன்றாவது எண்ணைச் சொல்லும். காரத்தன்மையை அளக்கும் கலைக்கு இரண்டரை நூற்றாண்டு வயதாகிறது. அந்தக் காலம் நெடுக இதே புகார் வேறு வேறு ஆட்களின் வாயிலிருந்து வந்துகொண்டே இருந்திருக்கிறது: முதலில் துணி வெளுப்பவர்கள், பிறகு சோடா ஆலைக்காரர்கள், பிறகு கடலாய்வாளர்கள். ஒவ்வொரு முறையும் அதைத் தீர்த்துவைத்தது ஒரே வழக்கம்தான். மதிப்புத் தெரிந்த ஒரு பொருளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதையும் அதே கையால், அதே திரவத்தால் அளந்து பார்ப்பது. கூர்மையான கண்ணும் புதிய கருவியும் அதற்குப் பிறகுதான் உதவின. பவளத் தொட்டிக்காரர்களுக்கு இந்த வரலாற்றின் முதல் பாதி மட்டும் கைமாறியது, இரண்டாம் பாதி வழியில் எங்கோ தங்கிவிட்டது என்பது என் வாதம்.

காரத்தன்மையையும் பி.எச். அளவையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம் என்பதால் ஒரு வார்த்தை. பி.எச். என்பது தண்ணீர் இந்தக் கணத்தில் இருக்கும் நிலை. காரத்தன்மை என்பது அது எவ்வளவு அமிலத்தைத் தாங்கும் என்கிற கையிருப்பு. கடல்நீரில் இந்தக் கையிருப்பின் பெரும்பகுதி பைகார்பனேட். கொஞ்சம் கார்பனேட், அதைவிடக் கொஞ்சம் போரேட். பவளம் எலும்புக்கூடு கட்டுவது தண்ணீரில் உள்ள கால்சியத்தையும் இந்தக் கார்பனேட் கையிருப்பையும் சேர்த்துத்தான். பவளம் சுண்ணாம்புதான் என்பதைத் தென் தமிழ்நாட்டுக் கரைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாவில் பவளத்தை வெட்டியெடுத்துச் சுண்ணாம்பாக்கிய காலம் இருந்தது, பாறை கட்டும் பவளங்கள் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. கணக்கைப் பார்த்தால் தொட்டிக்காரர்கள் ஏன் இந்த ஓர் எண்ணைச் சுற்றியே வருகிறார்கள் என்பது விளங்கும். ஒரு லிட்டர் தண்ணீரிலிருந்து பவளங்கள் 50 மில்லிகிராம் சுண்ணாம்பைக் கட்டிக்கொண்டால் கால்சியம் 420இலிருந்து 400க்கு இறங்கும். அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அதே வேலை காரத்தன்மையை 8 டிகிரியிலிருந்து 5.2க்குத் தள்ளிவிடும். கடலின் இயல்பான அளவு சுமார் 6.5 டிகிரி. தொட்டிகளில் 7 முதல் 11 வரை வைத்துக்கொள்கிறார்கள். இந்தக் குறுகிய வரம்புக்குள் ஒன்றரை டிகிரி பிசகும் சோதனை, இல்லாத சோதனையைவிடப் பெரிய உபகாரம் செய்வதில்லை.

கதை தொடங்குவது 18ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தில். அங்கே லினன் நெசவு பெரிய தொழில். தறியிலிருந்து இறங்கும் துணி பழுப்பாக இருக்கும். அதைச் சாம்பல் நீரில் வேகவைத்து, புளித்த மோரில் ஊறப்போட்டு, புல்வெளியில் விரித்து வெயில் காட்டி, மறுபடி சாம்பல் நீருக்கே கொண்டுபோய், இப்படிச் சுற்றிச் சுற்றி வெளுக்க மாதக்கணக்கில் ஆகும். நம் பக்கத்தில் உவர்மண்ணும் வெள்ளாவியும் செய்த வேலையை அங்கே கப்பலில் வந்த மரச்சாம்பல் உப்பு செய்தது. ரஷ்யாவிலிருந்தும் பால்டிக் துறைமுகங்களிலிருந்தும் அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்தும் அது வந்தது. வழியில் சுண்ணாம்பும் மணலும் சாதா உப்பும் அதில் சேர்ந்தன. சரக்கு வீரியமாக இருந்தால் துணி இற்றுப்போகும், சொத்தையாக இருந்தால் வெளுக்காது. வாங்குபவருக்கு இருந்த சோதனை நாக்குதான். எடின்பரோவின் மருத்துவர் பிரான்சிஸ் ஹோம் 1756இல் வெளுப்புத் தொழில் பற்றி எழுதிய நூலில் வேறொரு வழியைக் காட்டினார். ஒரு டிராம், அதாவது ஏறக்குறைய 4 கிராம் சாம்பல் உப்பை எடுத்துக்கொண்டார். ஒரு பங்கு நைட்ரிக் அமிலத்துக்கு ஆறு பங்கு தண்ணீர் கலந்து, தேக்கரண்டி தேக்கரண்டியாக அதன்மேல் விட்டார். ஒவ்வொரு கரண்டிக்கும் பொங்கும். பொங்குவது நிற்கும்வரை எத்தனை கரண்டி என்று எண்ணினார். முத்துச் சாம்பல் என்று விற்ற நீல நிறச் சரக்கு ஒன்றுக்கு 12 கரண்டி பிடித்தது. எந்தச் சாம்பல் அதிகக் கரண்டி கேட்கிறதோ அதில் உப்பு அதிகம். இன்றைக்கு மேசைமேல் ஒரு கண்ணாடிக் குப்பியை வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் புட்டியிலிருந்து துளி எண்ணுகிறவர் செய்வது அச்சு அசல் இதே வேலை. கரண்டி துளியாகச் சிறுத்தது, பொங்குவது நிற்பதற்குப் பதில் நிறம் மாறுகிறது, அவ்வளவுதான்.

ஹோமின் முறையில் கண்ணுக்குத் தெரிந்த குறைகள் இரண்டு: கரண்டிக்குக் கரண்டி அளவு வேறுபடும், பொங்குவது எப்போது நின்றது என்பதில் ஆளுக்கு ஆள் கருத்து வேறுபடும். தெரியாத குறை மூன்றாவது, அதுதான் ஆழமானது. அந்த அமிலத்தின் வீரியம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அடுத்த முறை வாங்கிய அமிலம் கொஞ்சம் கடுமையாக இருந்தால் அதே சாம்பல் 10 கரண்டியில் அடங்கிவிடும்; குற்றம் சாம்பல் வியாபாரியின் தலையில் விழும். இந்த மூன்றாவது குறையை அடைத்தவர் வில்லியம் லூயிஸ் என்ற ஆங்கிலேய வேதியியலாளர். அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கிய சாம்பல் உப்பின் தரம் பற்றி அவர் 1767இல் வெளியிட்ட சிறு நூலில் பொங்கலை நம்புவதை விட்டுவிட்டு லிட்மஸ் சாயம் ஏற்றிய காகிதத்தை நம்பினார். கரண்டியை விட்டுவிட்டுச் செலவான அமிலத்தை நிறுத்துப் பார்த்தார். இவை நல்ல திருத்தங்கள். பெரிய திருத்தம் வேறு. சரக்கைச் சோதிப்பதற்கு முன், சந்தேகத்துக்கு இடமில்லாத தூய சாம்பல் உப்பை, அதாவது திராட்சைமது பீப்பாய்க் கசண்டிலிருந்து எடுத்த பொட்டாசியம் கார்பனேட்டை, காயவைத்து நிறுத்து, அதை அடக்க இந்த அமிலம் எவ்வளவு வேண்டும் என்று முதலில் பார்த்துக்கொண்டார். அதன் பிறகு அமிலத்தின் வீரியம் எதுவாக இருந்தால்தான் என்ன? சரக்குக்குச் செலவானதையும் தூய உப்புக்குச் செலவானதையும் விகிதமாக வைத்தால் போதும். வெறும் எண்ணிக்கையை அளவையாக மாற்றிய படி இது. ஹோமுக்கும் லூயிஸுக்கும் இடையே 11 ஆண்டுகள்தான். ஆனால் தொட்டிக்கான சோதனைப் பெட்டி இன்றைக்கும் ஹோமின் பக்கமே நிற்கிறது.

அடுத்த நூற்றாண்டை வேகமாகக் கடந்துவிடலாம், கருவிகள் அழகாகிக்கொண்டே போன காலம் அது. ரூவான் நகரத்து தெக்ருவாசில் 1806இல் அளவுக்கோடு போட்ட காரமானிக் குழாயைத் தந்தார். கே-லுசாக் அதைச் செம்மைப்படுத்தி ப்யூரெட், பிப்பெட் என்ற பெயர்களை நிலைக்கவைத்தார். ஜெர்மன் மருந்தாளர் மோர், நம் பிளஸ் டூ ஆய்வகத்து மாணவருக்கும் பழக்கமான வடிவத்தை, அடியில் ரப்பர் குழாயும் அழுத்தினால் திறக்கும் கிடுக்கியும் வைத்து, பரவலாக்கினார். அளந்துபார்க்கும் தூய பொருளாக ஆக்சாலிக் அமிலத்தைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. வேதியியலாளர் லுங்கே 1878இல் மெத்தில் ஆரஞ்சை அறிமுகப்படுத்திய பிறகு கார்பனேட்டை அளக்கக் கொதிக்கவைக்கும் சள்ளையும் ஒழிந்தது. இத்தனை நேர்த்திக்கும் நடுவே ஒரு வேடிக்கை நடந்தது. இங்கிலாந்தின் சோடா வணிகத்தில் சரக்கின் வலிமையைச் சோடியம் ஆக்சைடு விழுக்காடாகச் சொல்வார்கள். கலப்பே இல்லாத சோடியம் கார்பனேட்டில் அது 58.5. நியூகாசில் வழக்கிலோ பழைய, தவறான அணு எடையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததால் அதே தூய பொருள் 59.3 என்று வரும். துல்லியமான ப்யூரெட், பழகிய கை, கூர்ந்த கண் எல்லாம் இருந்தும் ஒரே மூட்டை இரண்டு கணக்கில் இரண்டு மதிப்பு பெற்றது. ஒப்பிடும் இடம் ஒன்றாக இல்லாவிட்டால் துல்லியம் என்பது தவற்றை நிறையப் பதின்மத்தில் எழுதுவதற்கு மட்டுமே பயன்படும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

கடலுக்கு இந்தக் கலை வந்தது 1870களில். சாலஞ்சர் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றியபோது அதில் இருந்த வேதியியலாளர் புக்கானனுக்கும் அவர் காலத்தவர்களுக்கும் பெரிய தலைவலி, கடல்நீரிலிருந்து கரியமில வாயு ஏன் கொதிக்கவைத்தாலும் முழுதாக வெளியேற மறுக்கிறது என்பது. நார்வேயின் வட அட்லாண்டிக் பயணங்களில் ஹெர்குலஸ் டோர்னோ அமிலத்தைக் கொண்டு அளந்து, கடல்நீர் காரத்தன்மை உடையது, அந்த வாயு கார்பனேட்டாகவும் பைகார்பனேட்டாகவும் கட்டுண்டு கிடக்கிறது என்று 1880இல் எழுதினார். சாலஞ்சர் கொண்டுவந்த 77 மாதிரிகளை கிளாஸ்கோவில் அலசிய டிட்மார் 1884இல் தன் பெரிய அறிக்கையை வெளியிட்டார். அதற்குப் பிறகு நடந்தது என் வாதத்துக்கு முக்கியமானது. கடல்நீரின் உப்பளவை அளப்பவர்கள் சீக்கிரமே விழித்துக்கொண்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோபன்ஹேகனில் மார்ட்டின் நுட்சன், மதிப்பைக் கவனமாக அளந்த கடல்நீரைக் கண்ணாடிக் குழாய்களில் உருக்கி மூடி நாடுநாடாக அனுப்ப ஏற்பாடு செய்தார். எந்தக் கப்பலில் யார் அளந்தாலும் முதலில் அந்தக் குழாயை உடைத்துத் தன் வெள்ளி நைட்ரேட்டைச் சரிபார்த்துக்கொள்வார். அதனால் பெர்கனில் அளந்த உப்பளவையும் பிளிமத்தில் அளந்ததையும் ஒரே வரைபடத்தில் போட முடிந்தது. காரத்தன்மைக்கு அப்படி ஒரு குழாய் இல்லை. இன்னும் தொண்ணூறு ஆண்டுகள் இல்லாமலே போனது.

அந்த இடைவெளியில் உழைப்புக்குக் குறைவில்லை. ஜெர்மனியின் மெட்டியோர் கப்பலில் 1925–27இல் வாட்டன்பெர்க் அட்லாண்டிக் நெடுக அளந்தார். வேதியியலாளர் கிரான் 1952இல், நிறமாற்றத்தை ஊகிக்க வேண்டாம், அமிலம் விட விட மின்முனை காட்டும் எண்களை ஒரு நேர்கோட்டில் வைத்து முடிவுப்புள்ளியைக் கணக்கிட்டுக்கொள்ளலாம் என்று காட்டினார். ஸ்வீடனின் டிர்சன் 1965இல் அதைக் கடல்நீருக்குக் கொண்டுவந்தார். கண்ணின் குறை இத்தோடு தீர்ந்தது என்று சொல்லலாம். ஆனாலும் 1970களில் ஜியோசெக்ஸ் என்ற பெருந்திட்டம் உலகக் கடல்கள் முழுக்கத் திரட்டிய காரத்தன்மை, கரியமில எண்களைப் பிற்பாடு திருத்தவேண்டி வந்தது. மின்முனையும் இருந்தது, கணிப்பொறியும் இருந்தது. எதை எண்ணுவது என்பதில் முழு உடன்பாடு இல்லை, எதோடு ஒப்பிடுவது என்பதற்குப் பொதுவான நீரும் இல்லை. முதல் சிக்கலை ஆண்ட்ரூ டிக்சன் 1981இல் தீர்த்தார்: எந்தெந்தப் பொருள்கள் காரத்தன்மைக் கணக்கில் சேரும், எவை சேரா என்று வரையறுத்தார். இரண்டாவதை 1990களில் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் நிலையத்திலிருந்து தீர்த்தார்: உண்மையான கடல்நீரை வடிகட்டி, புற ஊதா ஒளி காட்டி, பாதரசக் குளோரைடு விட்டு உயிர்களைக் கொன்று, புட்டிகளில் அடைத்து, ஒவ்வொரு தொகுதிக்கும் சான்றளித்த மதிப்போடு உலகெங்கும் அனுப்பினார். அதற்குப் பிறகுதான் 2,200 சொச்சம் மைக்ரோமோல் காரத்தன்மையில் ஒன்றிரண்டு மைக்ரோமோல் வேறுபாட்டைக் குறித்து இரண்டு நாட்டு ஆய்வகங்கள் பொருளோடு விவாதிக்க முடிந்தது. லூயிஸின் காய்ந்த உப்புக்கும் டிக்சனின் புட்டிக்கும் வேலை ஒன்றே.

இனித் தொட்டிகள். ஜகார்த்தாவின் லீ சின் எங் 1961இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் தன் இயற்கை முறையை விவரித்தார்: கடல்நீர், உயிரோடு எடுத்த பாறை, காற்றுக் குமிழி, வெளிச்சம். 1970களில் சுவிட்சர்லாந்தின் பீட்டர் வில்கென்ஸ் தெளிந்த சுண்ணாம்பு நீரைத் தொட்டிக்குள் சொட்டவிட்டுக் கல் பவளத்துக்குக் கால்சியமும் காரத்தன்மையும் ஒருசேர ஊட்டும் வழியைப் பரப்பினார். அதைச் சுற்றி பெர்லின் முறை வளர்ந்தது. டெல்பீக்கும் ஸ்ப்ரங்கும் 1994இல் எழுதிய நூல் ஆங்கில வாசகர்களிடம் அதைக் கொண்டு சேர்த்தது. ஊற்றத் தொடங்கியதும் அளக்கும் தேவையும் வந்துவிட்டது. கையில் கிடைத்தது நன்னீர் மீன் வளர்ப்பவர்களின் ஜெர்மன் பெட்டி. அது எண்ணியது கொதிகலன் காலத்து அலகில்: லிட்டருக்கு 10 மில்லிகிராம் சுட்ட சுண்ணாம்புக்குச் சமமானது ஒரு டிகிரி. தொட்டிக்காரர்கள் இன்றும் சொல்லும் கே.எச். இதுதான். நன்னீர் மீனுக்கு 4 டிகிரியா 5 டிகிரியா என்பது பெரிய விஷயமில்லை. அதற்கென்று செய்த பெட்டியில் ஒரு துளிக்கு ஒரு டிகிரி என்பதே போதுமான நுணுக்கம். அந்தப் பெட்டியைக் கல் பவளத்திடம் கொண்டுவந்தபோது துளி மட்டும் வந்தது, ஒப்பிடும் உப்பு வரவில்லை.

துளிப் பெட்டியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். 5 மில்லி தண்ணீர், நீல நிறம், துளி துளியாக அமிலம், எட்டாவது துளியில் மஞ்சள். விடை 8. உண்மையில் 7.1 இருந்தாலும் 7.9 இருந்தாலும் மஞ்சள் வருவது எட்டாவது துளியில்தான். தண்ணீரை இரண்டு மடங்காக எடுத்தால் துளிக்கு அரை டிகிரி ஆகும். இது கையேட்டிலேயே இருக்கும், செய்பவர் குறைவு. குப்பியின் கோட்டுக்குக் கீழே 4.8 மில்லியில் நிறுத்திவிட்டால் 8 என்பது 7.7 ஆகும். புட்டியைச் சாய்த்துப் பிடித்தால் ஒரு அளவுத் துளி, செங்குத்தாகப் பிடித்தால் வேறொன்று, முனையில் காற்றுக் குமிழி நின்றால் இன்னொன்று. ஊசியில்லாச் சிரிஞ்சு வைத்த பெட்டிகள் இதைவிட மேல். அவற்றிலும் உறிஞ்சும்போது தண்டுக்குக் கீழே கொஞ்சம் காற்று நிற்பதைக் கண்டு பலர் பதறுகிறார்கள். தேவையில்லை; முனைக்குழாயின் கொள்ளளவுக்கு ஈடான காற்று அது, படிப்பது தண்டின் விளிம்பு நகர்ந்த தூரத்தை, திரவத்தின் மட்டத்தை அல்ல. இப்படிக் கையைப் பழக்கினால் ஒரே பெட்டியில் மூன்று முறை அளந்தாலும் ஒரே எண் வரும். பலர் இதையே நம்பகத்தன்மை என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஹோமின் கரண்டியை வெள்ளியில் செய்து கோடு போட்டிருந்தாலும் அவருடைய அமிலத்தின் வீரியம் தெரிந்திருக்காது.

இதற்கு வரும் முதல் மறுப்பு, இப்போது மின்னணு நிறமானி வந்துவிட்டதே என்பது. 10 மில்லி தண்ணீர், 1 மில்லி திரவம், பொத்தானை அழுத்தினால் ஒரு பதின்மத்தோடு எண். கண்ணின் தயக்கம் போனது உண்மை. ஆனால் பரவலாக விற்கும் கையடக்கக் கருவி ஒன்றின் தயாரிப்பாளரே தரும் பிழை வரம்பு 0.3 டிகிரியும் விடையில் 5 விழுக்காடும். 8 டிகிரித் தண்ணீருக்கு அது மேலும் கீழும் 0.7. ஒருவர் கருவி 7.3 என்றும் நண்பரின் கருவி 8.7 என்றும் காட்டினால் இரண்டுமே விளம்பரத்துக்கு உண்மையாகத்தான் நடந்துகொள்கின்றன. 8.2 என்று திரையில் மின்னும் அந்த 2, வாசிப்பவருக்குத் தரும் தெம்புக்கு ஏற்ற தகவலைத் தருவதில்லை. இன்னும் ஒன்று: இந்தக் கருவி அமிலத்தைச் சிறுகச் சிறுக விட்டு முடிவுப்புள்ளி காண்பதில்லை. குறிப்பிட்ட அளவு அமிலமும் சாயமும் சேர்த்து எழும் நிறத்தைப் படிக்கிறது. ஆகவே அந்த 1 மில்லியில் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும், குப்பியின் வெளிப்புறத்தில் விரல் ரேகை இருந்தாலும் அது நேரே விடைக்குள் போகிறது. நாளில் பலமுறை தானே அளக்கும் இயந்திரங்களும் வந்திருக்கின்றன. ஏற்ற இறக்கத்தின் போக்கைக் காட்டுவதில் அவற்றுக்கு இணையில்லை. அவையும் ஒரு கட்டத்தில் மதிப்புத் தெரிந்த அளவுத்திரவத்தையோ வேறொரு சோதனையின் எண்ணையோ கேட்கத்தான் செய்கின்றன.

இரண்டாவது மறுப்பு கனமானது. பவளத்துக்குத் தேவை நிலைத்த காரத்தன்மை, 7.8 ஆனாலும் 8.6 ஆனாலும் அது வாழும், ஆடாமல் இருந்தால் சரி. அப்படியானால் உண்மை மதிப்பு எதற்கு? ஒரே பெட்டி எப்போதும் 0.6 கூட்டிச் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். இதில் பாதியை ஒப்புக்கொள்ள வேண்டும்: நாளுக்கு எவ்வளவு குறைகிறது என்று பார்க்க நிலையான பிழை பெரிய தடையில்லை. ஆனால் பிழை நிலையாக இருக்கும் என்று உறுதி சொல்வது யார்? மூடி சரியாகத் திருகாத அமிலப் புட்டியிலிருந்து தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். மாதங்கள் போகப் போக அமிலம் கடுமையாகும், குறைந்த துளியில் நிறம் மாறும், சோதனை உண்மையைவிடக் குறைத்துச் சொல்லும். வளர்ப்பவர் கரைசலைக் கூட்டுவார். ஏட்டில் கோடு 8இல் ஆடாமல் நிற்கும், தொட்டியில் உண்மை மதிப்பு 10ஐத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். பிறகு ஒருநாள் புதுப் புட்டி திறந்ததும் எண் தாவும். தொட்டியில் ஏதோ விபரீதம் என்று நினைத்து அதைத் திருத்தக் கிளம்புவார்கள், அப்போதுதான் பவளத்துக்கு உண்மையான அதிர்ச்சி. நிலைத்தன்மையே வேண்டும் என்பவருக்குத்தான் ஒப்பிடும் பொருள் மற்ற எல்லோரையும்விட அதிகம் தேவை. அதோடு, 7 முதல் 11 என்ற வரம்பே பிறர் தங்கள் பெட்டிகளில் அளந்து சொன்ன அனுபவம். அதை எடுத்துக்கொள்ளும்போது அவர்களுடைய அளவுகோலோடு நம்முடையதும் பொருந்தவேண்டும்.

லீ சின் எங்குக்குச் சோதனைப் பெட்டி இருந்ததா என்று கேட்பவர்களும் உண்டு. அவர் முறைக்கு இயற்கைக் கடல்நீரே ஆதாரம், இன்றைய விளக்குகளுக்குக் கீழே வேகமாக வளரும் கிளைப் பவளக் காடும் அவரிடம் இல்லை. நெருக்கமாக வளர்ந்த தொட்டி ஒரே நாளில் ஒரு டிகிரிக்கு மேல் இழுத்துவிடும் என்பதால் அந்தக் கேள்வி இந்தத் தொட்டிகளுக்குப் பொருந்தாது.

மிஞ்சுவது, ஒப்பிடும் பொருளை எங்கே வாங்குவது என்பது. ஸ்கிரிப்ஸ் புட்டி ஆய்வகங்களுக்கானது. 2020இன் கொள்ளைநோய்க் காலத்தில் அதன் விநியோகம் தடுமாறியபோது, உலகம் முழுவதும் ஒரே இடத்தை நம்பியிருப்பதன் ஆபத்தைக் கடலாய்வாளர்களே உணர்ந்தார்கள். தொட்டிக்காரருக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஆப்ப சோடா எனும் சோடியம் பைகார்பனேட் 2.10 கிராமை ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, அதில் 100 மில்லியை எடுத்து மறுபடி அதே நீரால் ஒரு லிட்டராக்கினால் 7 டிகிரி. முதலிலேயே 0.21 கிராமை நிறுக்கப் போனால் வீட்டுத் தராசு கைவிட்டுவிடும் என்பதால்தான் இந்த இரண்டு படி. கவனிக்க வேண்டியவை சில உண்டு. குழாய்த் தண்ணீருக்கும் விற்கும் குடிநீருக்கும் தனக்கென்று காரத்தன்மை இருக்கும். பேக்கிங் பவுடரில் அமிலமும் மாவும் கலந்திருக்கும். ஈரம் போக்குகிறேன் என்று ஆப்ப சோடாவை வாணலியில் சூடாக்கினால் அது கார்பனேட்டாக மாறிக் கணக்கைக் கெடுக்கும். நன்னீரில் செய்த இந்தத் திரவம் கடல்நீருக்குச் சரியான இணையா என்ற கேள்வி நியாயமானது. சாயங்களின் நிறம் உப்பால் இடம் மாறும் என்பதை பி.எச். அளவைக் கண்ட சோரன்சனும் அவரோடு பணியாற்றிய பாலிட்சும் 1910இலேயே கோபன்ஹேகனில் கடல்நீரை வைத்துக் காட்டிவிட்டார்கள். துளி விட்டு முடிவுப்புள்ளி காணும் பெட்டிகளில் அந்தப் பிசகு சிறியது, ஏனென்றால் அங்கே நிறம் ஒரு தாவலாக மாறுகிறது. நிறத்தின் அடர்த்தியையே விடையாகப் படிக்கும் கடல்நீர் நிறமானிக்கு இந்த நன்னீர்த் திரவத்தைக் கொடுத்துத் தீர்ப்பு கேட்கக் கூடாது. அதற்குக் கடல்நீரில் செய்த அளவுத்திரவம் வேண்டும், அல்லது சரிபார்த்த துளிப் பெட்டியில் அளந்த தொட்டி நீரையே அதற்கும் காட்டலாம். புதுப் புட்டி திறக்கும் அன்று பழையதையும் புதியதையும் இதே திரவத்தில் அடுத்தடுத்துச் சோதித்து, வந்த எண்ணையும் தேதியையும் புட்டியின்மேல் எழுதிவைத்தால் போதும். 7 வரவேண்டிய இடத்தில் 6.6 வந்தால் அந்தப் புட்டி தரும் எல்லா விடையையும் 7க்கு 6.6 என்ற விகிதத்தில் கூட்டிக்கொள்ளலாம். லூயிஸ் போட்ட கணக்கு அதுவே. 6க்குக் கீழே இறங்கிவிட்டால் கணக்குப் போட்டு மாளாது, புட்டியை மாற்றிவிடுவதே மேல்.